காப்புக் கட்டிய கையும் ஹொக்கி மட்டையும்

போன மாதம் பெல்மதுளையில் ஒரு இரும்புக் கடையில் ஆணி வாங்க நின்றபோது, கடைக்காரர் ஷட்டரை இழுத்து மூட ஒரு தடியை எடுத்தார். பார்த்தால் ஹொக்கி மட்டை. வளைந்த நுனியை ஷட்டரின் வளையத்தில் மாட்டி ஒரே இழுப்பு. "இதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குங்க" என்றார் பெருமையாக. நானும் ஆமாம் என்று சொல்லிவிட்டு ஆணியோடு வந்துவிட்டேன். ஒரு காலத்தில் அந்த மாதிரி மட்டைதான் எனக்குச் சோறு போட்டது என்று அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

சிரிக்காதீர்கள். உண்மையாகவே ஹொக்கிதான் என் தொழில். தொண்ணூறுகளில் தேயிலைத் தோட்டங்கள் கம்பெனிகளின் கைக்குப் போன பிறகு, றக்வான பக்கம் எங்கள் தோட்டத்துக்கு மேனேஜராக வந்த துரைக்கு ஹொக்கிப் பைத்தியம். கம்பெனி பெயரில் ஒரு அணியை உண்டாக்கி, இரண்டாம் பிரிவில் ஆட விட்டார். எனக்கு ஃபெக்டரியில் கொழுந்து நிறுக்கும் வேலை, சும்மா பெயருக்கு. மத்தியானம் ஆனதும் மட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். கொழுந்துக் கூடையோடு வரும் அக்காமார் விடுவார்களா? "என்னா தம்பி, நீ பந்த தட்டுனாலே சம்பளமாமே. எங்களுக்கும் ஆளுக்கொரு கம்பு குடுக்கச் சொல்லு தொரைகிட்ட."

மைதானம் ஃபெக்டரிக்குக் கீழே, சரிவில். மலையில் மட்டமான இடத்துக்கு எங்கே போவது? கீழே பார்த்து அடித்தால் பந்து தானாக ஓடும். மேலே என்றால் உயிரைக் கொடுத்து அடிக்க வேண்டும். வெளியூர் அணிகள் வந்து திணறுவார்கள். அதை எங்கள் திறமை என்று நினைத்துக்கொண்டோம்.

அந்த மைதானத்தை நினைத்தாலே எனக்கு விண்டர்கிரீன் எண்ணெய் வாசம் வரும். காரணம் என் இடது முழங்கால். ஒரு ஆட்டத்தில் அது திருகிக்கொள்ள, அந்த மழைக்காலம் முழுக்க லயத்து வீட்டில் படுத்துக் கிடந்தேன். எண்ணெய் தேய்த்தது அம்மா. கால் சரியாகி மகன் மறுபடி ஆடினால் திருவிழாவில் தீச்சட்டி எடுப்பான் என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டதும் அம்மாதான். எடுக்கப்போவது நான், வாக்குக் கொடுத்தது அவள்!

கால் சரியானது. அதோடு, கொழும்பில் ஒரு பெரிய கம்பெனி அணி தேர்வுக்கு என்னையும் சுனிலையும் கூப்பிட்டது. சுனில் எங்கள் கோல் காப்பாளன், தோட்டத்துச் சிங்கள லொறி டிரைவரின் மகன். லயத்துப் பிள்ளைகளோடு வளர்ந்ததால் எங்களைப் போலவே தமிழ் பேசுவான். தேர்வானால் முதல் பிரிவு, கொழும்பில் வேலை, தங்க இடம். தோட்டத்தை விட்டு வெளியே போக எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

திருவிழா முடிந்த பிறகுதான் தேர்வு என்றார்கள். அதனால் நிம்மதியாகச் செவ்வாய்க்கிழமை கோயிலில் காப்புக் கட்டிக்கொண்டேன். மஞ்சள் துண்டு கோத்த கயிறு. அடுத்த செவ்வாய் தீச்சட்டி. வியாழக்கிழமை தோட்டத்து ஒஃபிசுக்கு டெலிபோன் வந்தது. நாட்டு நிலைமை சரியில்லை, தேர்வை வருகிற சனி ஞாயிறுக்கே வைத்துவிட்டோம் என்றார்கள்.

காப்புக் கட்டியவன் பகலில் எங்கே போனாலும் இரவில் தோட்டத்து எல்லைக்குள்தான் படுக்க வேண்டும். அம்மா தடுக்கவில்லை. "போயிட்டு வா. ஆனா காப்புக் கட்டுன கை, வெளியில ராத்தங்கக் கூடாது. அவ குடுத்த காலுடா" என்றாள்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் போனோம். கொழும்பு மைதானம் மேசை மாதிரி மட்டம். மேட்டைப் பார்த்தே அடித்துப் பழகிய கை. நான் தள்ளிய பந்தெல்லாம் ஆளைத் தாண்டி வெளியே ஓடியது. சுனில் தலையில் கை வைத்தான். போகப் போகக் கை அடங்கியது. சாயந்திரம் பயிற்சியாளர் என்னைக் கூப்பிட்டு, நாளைக் காலை ஏழு மணிக்கு வா, அதைப் பார்த்துத்தான் முடிவு என்று சிங்களத்தில் சொன்னார். எங்கள் ஊர் முதல் பஸ் கொழும்பு வந்து சேரவே பத்து மணி தாண்டும்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் என் மணிக்கட்டைப் பார்த்தார். அவர் கையிலும் பன்சலையில் பிக்கு ஓதிக் கட்டிய பிரித் நூல் இருந்தது, ஆகவே விளக்கம் தேவைப்படவில்லை. "புரிகிறது மகன். ஆனால் முழுசாகப் பார்க்காமல் எடுக்க முடியாதே" என்றார். நல்ல மனிதர்.

சுனில் மஹரகமவில் தன் சித்தி வீட்டில் தங்கலாம் என்று என்னை இழுத்தான். "மச்சான், நூல அவுத்து பைக்குள்ள வையி. ஊருக்குப் போயி திரும்பக் கட்டிக்க. அம்மாவுக்கு யாரு சொல்லப் போறா?"

"அம்மாவுக்குப் பயந்து இல்லடா. இது கழட்டிக் கழட்டி மாட்டுற சாமானா?"

வீராப்பாகச் சொன்னேனே தவிர, ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் இரத்தினபுரி வரும்வரை எனக்கு ஒரே கோபம். அம்மா மேலா, அம்மன் மேலா என்று தெரியவில்லை. காலைக் கொடுத்துவிட்டுக் கயிற்றையும் பிடித்துக்கொண்டால் எப்படி?

சுனில் தேர்வாகிப் பல வருடம் கொழும்பில் ஆடினான். நான் தீச்சட்டி எடுத்தேன். பிறகு இரண்டாம் பிரிவிலேயே, முழங்கால் போதும் என்று சொல்லும்வரை ஆடினேன். துரை மாற்றலாகிப் போனார். அடுத்து வந்தவருக்கு கிரிக்கெட் பிடித்தது. அணி கலைந்தது. மைதானத்தில் இன்றைக்குத் தேயிலை நாற்று மேடை.

போன திருவிழாவுக்கு அம்மாவோடு கோயிலுக்குப் போயிருந்தேன். செவ்வாய்க் காப்பெல்லாம் போய்விட்டது. வெள்ளிக்கிழமை கொழும்பு பஸ் வந்து, அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகள் இறங்கிய பிறகுதான் கட்டுகிறார்கள். ஞாயிறு மத்தியானம் அவிழ்த்துவிடுகிறார்கள். எல்லையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கோயில் தலைவரிடம் கேட்டேன். "அதுங்க பொழப்பையும் பாக்கணும்லங்க. அம்மாளுக்கு அது தெரியாதா?" என்றார். நியாயமான பேச்சு.

அம்மா, பஸ்ஸைப் பிடிக்க ஓடும் பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னைக்கு நானே அவுத்து விட்டிருக்கலாம்டா" என்றாள். இத்தனை வருடத்தில் அவள் அந்தப் பேச்சை எடுத்தது அதுதான் முதல் தடவை.

"அதனால என்னம்மா, பரவால்ல" என்றேன். பரவாயில்லை என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.