வெத்தேயா கொடுத்த பெயர்

என் அண்ணன் வெத்தேயாவைத் தஹிதித் தீவில் நாங்கள் வேலை பார்க்கிற ரிசார்ட்டில் எல்லோரும் பூசாரி என்றுதான் கூப்பிடுவார்கள். பூசாரியாவது மண்ணாவது! ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தேவாலயத்துக்குப் போய், பிரசங்கம் ஆரம்பித்ததும் தூங்கி வழிகிற ஆள் அவன். தோப்பில் கொப்பரை வெட்டிக்கொண்டிருந்தான். தோள் அகலம், இடுப்பிலிருந்து முழங்கால் வரை பச்சை குத்திய உடம்பு, கணீரென்ற குரல். இதையெல்லாம் பார்த்த பிரெஞ்சுக்கார மேனேஜர் அவனைக் கூட்டிக்கொண்டு போய்த் தலையில் இலைக் கிரீடத்தை வைத்துவிட்டார். நான் மொயாத்தா, அவன் சித்தப்பா மகள். அதே ரிசார்ட்டில் மாலை கட்டுகிறேன், கல்யாணங்களில் பாடுகிறேன். நடந்ததெல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது.

கல்யாணம் என்றால் நிஜக் கல்யாணம் இல்லை. அவர்கள் ஊரிலேயே சட்டப்படி முடித்துவிட்டு வந்திருப்பார்கள். இங்கே மாப்பிள்ளை படகில் வருவான், பெண் மணலில் காத்திருப்பாள், நாங்கள் பாடுவோம். வெத்தேயா இரண்டு பேரையும் ஒரே போர்வையில் சுற்றி, தலையில் இளநீர் தெளித்து, ஆளுக்கொரு தஹிதிப் பெயர் வைப்பான். அந்தப் பெயருக்காகத்தான் பாதிப் பேர் இவ்வளவு தூரம் பறந்து வருகிறார்கள்.

எங்களுக்குப் பெயர் என்பது கடையில் பார்த்து எடுக்கிற சாமான் இல்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதன் பெயர்கள் உண்டு. ஒருவர் செத்தால் அந்தப் பெயர் அடுத்த பிறப்புக்காகக் காத்திருக்கும். நாலு பேர் கேட்கச் சபையில் சொல்லிக் கொடுத்துவிட்டால் அது வாங்கியவனுடையது. அவன் தன் வாயால் சொல்லித் திருப்பித் தந்தால்தான் இன்னொருவருக்கு வைக்க முடியும். இந்த வம்பே வேண்டாம் என்று வெத்தேயா வாய்க்கு வந்ததையெல்லாம் பெயராக வைத்துக்கொண்டிருந்தான். ஒரு டாக்டருக்கு எங்கள் மொழியில் உடைந்த துடுப்பு. அவர் மனைவிக்கு நேற்றைய மீன். அந்த அம்மாள் கண்ணீர் மல்க நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். மேளக்காரப் பையன்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு அடித்தார்கள். எனக்குப் பாட்டே வரவில்லை.

எத்தனை நாளுக்கு ஓடும்? நேற்றைய மீன் ஊருக்குப் போய்க் கைப்பேசியில் அர்த்தம் பார்த்துவிட்டாள். மேனேஜர் வெத்தேயாவை நிற்க வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார்.

"இனிமே நெஜமான பேருதான் வைக்கணும். கேக்கறதுக்கு நல்லா இருக்கணும், அர்த்தம் இருக்கணும்."

"நல்ல பேருக்கெல்லாம் ஏற்கெனவே ஆளு இருக்கே, மொஸ்யூ."

"அது என் பிரச்சினை இல்ல. இன்னொரு புகார் வந்துச்சுன்னா நீ திரும்பக் கொப்பரை வெட்டப் போகலாம்."

அதற்கு அடுத்து வந்தவன்தான் ப்ராட்லி. அமெரிக்காக்காரன், முப்பது வயதிருக்கும். மற்றவர்கள் போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். இவன் போர்வையைச் சுற்றியதும் தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்துவிட்டான். தன் அப்பா இதைப் பார்க்க உயிரோடு இல்லையே என்று சொல்லி, வெத்தேயாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

வெத்தேயாவுக்கு ஒரு மகன் இருந்தான். தெராய்மாரு. நிழல் கட்டிய வானம் என்று அர்த்தம். எங்கள் பெரிய தாத்தாவின் பெயர் அது. ஈட்டி எடுத்துக்கொண்டு பவளப்பாறைக்கு வெளியே மீன் குத்தப் போன பையன் உயிரோடு திரும்பவில்லை. அதற்குப் பிறகு யாரும் வெத்தேயாவின் கையை அப்படிப் பிடித்து அழுததில்லை. அவன் மனைவிகூடத் தனியாகத்தான் அழுவாள். அன்று ப்ராட்லி தலையில் இளநீரைத் தெளித்துவிட்டு வெத்தேயா வாயைத் திறந்தான். "தெராய்மாரு" என்றான்.

என் பாட்டு நின்றுவிட்டது. மேளமும் நின்றுவிட்டது. மேனேஜர் மட்டும் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

படகில் வீடு திரும்பும்போது கேட்டேன். "உனக்குப் பைத்தியமா அண்ணே? பிள்ளை பேரைத் தூக்கி எவனுக்கோ குடுத்துட்டு வர்றியே!"

"நான் குடுக்கல மொயா. அதுவா வந்துடுச்சு" என்றான்.

வெத்தேயாவுக்கு ஒரே மகள், ராயிஹேரே. தெராய்மாருவின் அக்கா. அவள் கர்ப்பமானபோது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், ஆண் குழந்தை என்றால் என்ன பெயர் என்று. ஆஸ்பத்திரியில் ஆண் என்று சொல்லிவிட்டார்கள். அவள் சந்தோஷத்தில் தம்பி கல்லறைக்குப் பூ கொண்டு போனாள். அங்கேதான் யாரோ ஒரு புண்ணியவதி அந்தப் பெயர் கைமாறிய கதையைக் காதில் போட்டிருக்கிறாள்.

நேரே அப்பன் முன்னால் வந்து நின்றாள். அவன் ஈரப்பலாக்காயைத் தணலில் சுட்டுக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கவில்லை.

"நெஜமாப்பா?"

"ஆமாம்மா."

"உடைஞ்ச துடுப்பு, அழுகின மீனுன்னு ஊர்ல உள்ள குப்பையெல்லாம் குடுத்தியே, அன்னிக்கு ஒரு குப்பையும் உன் வாய்ல வரலையா?"

"அந்தப் பையன் அழுதான்மா..."

"நானும்தான் அழுதேன்! என் கையை எப்பப்பா புடிச்சே?" என்றாள். "போய் வாங்கிட்டு வா. அவன் வாயால வாங்கிட்டு வா. இல்லேன்னா இந்த வீட்டுப் பேரு எதுவும் என் பிள்ளைக்கு வேணாம்."

வெத்தேயா மேனேஜரிடம் போய் அந்த ஆளின் விலாசம் கேட்டான். விருந்தாளிகள் விவரத்தைத் தருவதில்லை என்று சொல்லிவிட்டார். இரண்டாவது முறை கேட்டபோது, உடம்பு சரியில்லையென்றால் லீவு போடு என்றார். மகள் அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சோற்றைக்கூடத் தட்டில் வைத்து நகர்த்திவிட்டுப் போய்விடுவாள்.

அவள் நிறைமாதமாக இருந்தபோது, வந்து இறங்கினான் பாருங்கள், அதே ப்ராட்லி! படகுத்துறையில் மாலை போடும்போது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்தில் வேறொரு பெண். முதல் மனைவியோடு ஒத்துவரவில்லையாம். இவளோடு மறுபடியும் ஒரு தஹிதிக் கல்யாணம், அதே பூசாரி, அதே கடற்கரை.

வெத்தேயா குழந்தை மாதிரி குதித்தான். "கர்த்தர் அனுப்பிட்டாரு மொயா! அவர்தான் அனுப்பிட்டாரு!" என்று என் கன்னத்தைக் கிள்ளினான். வீட்டுக்குப் போய் மகள் காதில் விழும்படி, நாளைக்குச் சாயங்காலம் கடற்கரைக்கு வா என்று சுவரைப் பார்த்துச் சொன்னான். எங்களையெல்லாம் வேலை இல்லாத நேரத்தில் அந்த மணலில் கால் வைக்க விடமாட்டார்கள். ஆனாலும் அவள் வந்தாள். வயிற்றைத் தாங்கிக்கொண்டு சமையல்கட்டு வழியாக வந்து தாழைப் புதருக்குப் பக்கத்தில் நின்றாள்.

சூரியன் இறங்குவதற்குள் போட்டோ எடுக்க வேண்டும் என்று மேனேஜர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். வெத்தேயா போர்வையைச் சுற்றினான். இளநீரைக் கையில் எடுத்தவன் தெளிக்காமல் நின்றான். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னான்.

"புதுப் பேருக்கு முன்னாடி பழைய பேரை நீங்க திருப்பித் தரணும். உங்க வாயால. என் கையில."

ப்ராட்லி புரியாமல் விழித்தான். "பழைய பேரா? அடடா, என்னவோ இருந்துச்சே... டீ-ல ஆரம்பிக்கும்ல?"

புதுப் பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. "அந்தக் கல்யாணத்துக் கதையெல்லாம் இப்ப எதுக்கு?"

"இருடி, இதுதான் இவங்க சடங்கு போல. நல்லாத்தான் இருக்கு" என்றான் அவன்.

அவனுக்கு நினைவில்லை. எங்கள் பிள்ளையின் பெயரை வாங்கிக்கொண்டு போனவனுக்கு அது நினைவில்லை! வெத்தேயா அப்போதும் விடவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி சொன்னான். "தெ. ராய். மாரு."

"டெர்ரி... டெரிமேரி?" என்றான் ப்ராட்லி. சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். விருந்தாளி சிரித்தால் சம்பளத்துக்காகச் சிரிக்கிற பழக்கம், எங்கள் மேளக்காரப் பையன்களில் இரண்டு பேரும் கூடச் சேர்ந்து சிரித்துத் தொலைத்தார்கள். சிரிப்பு வந்ததும் அந்த மடையனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. இரண்டு கையையும் நீட்டினான்.

"எடுத்துக்கோங்க பெரியவரே, தாராளமா எடுத்துக்கோங்க! அந்தப் பேரால எனக்கு ராசியே இல்ல. ஒரு கல்யாணமே ஊத்திக்கிச்சு!"

எல்லோரும் கைதட்டினார்கள். வெத்தேயா குனிந்து, நீட்டிய கையிலிருந்து வாங்குவது மாதிரி வாங்கிக்கொண்டான். பிறகு அவனுக்கு ஏதோ ஒரு பெயர் வைத்தான். என்னவென்று எங்கள் யாருக்கும் கேட்கவில்லை. தாழைப் புதர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். ராயிஹேரே போய்விட்டிருந்தாள்.

குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. மூக்கும் நெற்றியும் அப்படியே மாமன்தான். ஞானஸ்நானத்துக்கு முதல் நாள் வெத்தேயா வாசலில் உட்கார்ந்து, கெஞ்சுகிற குரலில் பேச்சை எடுத்தான். "நீ கேட்டபடி வாங்கிட்டு வந்துட்டேன்மா. அவன் வாயாலதானே வாங்கினேன்?"

"வாங்கினே" என்றாள் அவள். குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "ராசி இல்லாத பேருன்னு சபையில சொன்னானே, அதையும் சேர்த்துத்தானே வாங்கினே? என் தம்பி பேரை வச்சு ஊரே சிரிச்சுச்சு. அதை நான் என் பிள்ளை தலையில கட்டமாட்டேன்."

"அப்ப என்ன பேரும்மா வைக்கிறது?"

"அந்தக் காலத்துல ஒருத்தனுக்குப் பேரைக் குடுத்தா அவன் பேரை நாம வாங்கிக்குவோம். அதுவும் நம்ம வழக்கம்தானே? நீ குடுத்தது குடுத்ததுதான். அவன் பேரு நம்ம வீட்டுக்கு வரணும்."

நான் அவள் காலில் விழாத குறையாகச் சொல்லிப் பார்த்தேன். அவள் அசையவில்லை.

எங்கள் தேவாலயத்தில் ஞானஸ்நானத்தின்போது குழந்தையின் பெயரைப் பெற்றவர்கள் சொல்வதில்லை. தாத்தா எழுந்து சொல்ல வேண்டும், பிறகு போதகர் சொல்லுவார். மறுநாள் போதகர் பெயரைக் கேட்டார். வெத்தேயா வெள்ளைச் சட்டையில் எழுந்து நின்றான். மகளைப் பார்த்தான். அவள் சிலுவையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொப்பி போட்ட பெண்களெல்லாம் விசிறுவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள்.

"ப்ராட்லி" என்றான்.

எங்கள் நாக்குக்குச் சுலபத்தில் வராத பெயர் அது. போதகரே இரண்டு தடவை தடுமாறினார். வெத்தேயா ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் சொன்னான். விருந்தாளிகளின் பெயரைத் தப்பாகச் சொன்னால் அவர்கள் மனம் புண்படும் என்று ரிசார்ட்டில் எங்களுக்கு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.