முடியாது என்று சொல்லும் வண்டி

போன வருடம் ஒரு நாள் காலையில், வாழையிலை ஏற்றப் போகலாம் என்று கதவைத் திறந்தால் வாசலில் என் பிக்கப் வண்டியைக் காணோம். ஏரலில் என் அப்பா வீட்டில் இப்படி நடந்திருந்தால் அம்மா போட்ட சத்தத்தில் தெருவே கூடியிருக்கும், தம்பி சட்டையை மாட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடியிருப்பான். இது மலேசியாவின் கெடா மாநிலம், திகாம் பத்து என்ற சின்ன ஊர். என் கணவர் பீட்டர் காப்பியை ஆற்றிக்கொண்டே, "யாராச்சும் எடுத்திருப்பாங்கலா. வந்துரும்," என்றார். வந்தது. எதிர்வீட்டு சிசிலியா அக்காவின் மகன் யாருக்கோ ஒரு கட்டிலை இறக்கிவிட்டு வந்திருந்தான். "தூங்கிட்டு இருந்தீங்கக்கா, எதுக்கு எழுப்பணும்னு எடுத்துட்டுப் போயிட்டேன்," என்று சொல்லி, செருப்பு அலமாரிக்கு மேலே இருக்கும் ஆணியில் சாவியை மாட்டிவிட்டுப் போனான். அந்த ஆணி எங்கே இருக்கிறது என்பது எங்கள் தாமானில், அதாவது இந்தக் குடியிருப்பில், எல்லோருக்கும் தெரியும். டீசலும் ஊற்றிவிட்டுத்தான் வந்திருந்தான், அந்த மரியாதையில் யாரும் குறை வைப்பதில்லை.

நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. தாமிரபரணிக் கரையில் வாழைத்தோப்புகளுக்கு நடுவே வளர்ந்தவளுக்கு இலையைத் தவிர வேறு என்ன வியாபாரம் தெரியும்? கோலா கெத்தில் என்ற ஊருக்குப் பக்கத்துச் சின்னத் தோட்டங்களில் இலை வாங்கி, சுங்கை பட்டாணியில் உள்ள சாப்பாட்டுக் கடைகளுக்குப் போடுகிறேன். ஜித்ரா வரைக்கும் வாடிக்கை உண்டு. அப்பா ஏரலில் இலைக்கட்டு அனுப்பும்போது வண்டி டிரைவரோடு வரும், வாடகை பேசி முடித்த பிறகுதான் ஒரு கட்டு மேலே ஏறும். வண்டியை இரவல் கேட்பது அங்கே பல் துலக்கும் பிரஷ்ஷை இரவல் கேட்பது மாதிரி. இங்கே கதை வேறு. ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டத்துக்கு ஒரு லோரி இருக்குமாம். கல்யாணமோ சாவோ பிரசவமோ, எல்லாவற்றுக்கும் அதுதான் போகும். தோட்டங்களை விற்றார்கள், ரப்பர் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்தது, ஜனங்கள் தாமான் வீடுகளுக்குக் குடிவந்தார்கள். லோரிதான் வரவில்லை. அந்த இடத்தை யார் வண்டி வாங்குகிறார்களோ அவர்கள் நிரப்ப வேண்டும். எங்கள் பகுதிக்கு நான் நிரப்பினேன்.

யார் கேட்டாலும் "எடுத்துக்கங்க" என்றுதான் சொல்வேன். நான் அவ்வளவு தாராளமானவள் என்று நினைத்துவிடாதீர்கள். தட்டில் மீன் துண்டு சிறிதாக விழுந்தால்கூட முகம் சுருங்கும் ஜாதி நான். என் சிக்கல் வேறு. இங்கே என்னை 'ஊருக்காரி' என்பார்கள். இந்தியாவிலிருந்து வந்தவள் என்று அர்த்தம். அதில் ஒரு வன்மமும் இல்லை, ஒல்லியானவரை ஒல்லி என்று சொல்வது போலத்தான். ஆனாலும் இங்கே பிறந்தவள் ஒருத்தி வண்டி தர மறுத்தால் அவளுக்கு அன்று ஏதோ மனசு சரியில்லை என்பார்கள். நான் மறுத்தால், பார்த்தியா, ஊருக்காரி புத்தியைக் காட்டிட்டா என்று சொல்லிவிடுவார்களே என்ற பயம் எனக்கு. அந்தப் பயத்தில் என் சனி ஞாயிறுகள் எல்லாம் மற்றவர்களுடைய கட்டில், கூடாரம், அண்டா, அலமாரி என்று ஊர் சுற்றிக்கொண்டிருந்தன. கேட்டவருக்கு ஓட்டத் தெரியாவிட்டால் டிரைவரும் நானே.

இந்த நிலையில்தான் பழைய வண்டி இருமத் தொடங்கியது. இனி செலவு செய்வது வீண் என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டார். பீட்டர் சுங்கை பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். மின்சாரத்தில் ஓடும் பிக்கப் வந்திருக்கிறது, இரவில் வீட்டு வாசலிலேயே சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று அவர்தான் சொன்னார். மோட்டார், பேட்டரி என்று அவர் அரைமணி நேரம் விளக்கியதில் என் காதில் விழுந்தது ஒன்றுதான். பேட்டரி இறங்கிவிட்டால் நிரம்புவதற்கு ஓர் இரவு வேண்டும். ஆகா! கேட்டு வருகிறவர்களிடம், "ஐயோ, சார்ஜ் இல்லையே," என்று சொல்லிவிடலாம். நான் மறுக்க வேண்டாம், எனக்காக வண்டியே மறுத்துவிடும். போதாததற்கு சத்தமும் கிடையாது. என் டீசல் வண்டி சந்து முனையில் திரும்பும்போதே, அக்கா வந்தாச்சு என்று நாலு வீட்டில் தெரிந்துவிடும். இனி பூனை மாதிரி வந்து படுத்துக்கொள்ளலாம்.

ஷோரூமில் ஜேசன் என்ற சீனப் பையன் எங்களை உட்காரவைத்து மைலோ கொடுத்தான். என்னை எடுத்த எடுப்பிலேயே ஆன்ட்டி என்றதை மன்னித்துவிட்டேன். "ஆன்ட்டி, லைஃப்ஸ்டைல் மாச்சம் மானா?" என்று கேட்டான். உங்கள் வாழ்க்கைமுறை எப்படி என்கிறான். என்னை இதுவரை ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. சனி ஞாயிறுகளில் வெளியே போவீர்களா என்றான். போகாத வாரமே இல்லை என்றேன். கூடாரம், பாய், பெரிய பாத்திரங்கள், கேஸ் அடுப்பு எல்லாம் ஏற்றிக்கொண்டு போவோம், சில நாள் திரும்பி வர நடுச்சாமம் ஆகிவிடும் என்றும் என் மலாயில் எடுத்துச் சொன்னேன். ஜேசனின் முகம் மலர்ந்துவிட்டது. "வாவ், கேம்பிங்!" என்றான். எந்தக் கடற்கரை, எந்த மலை என்று கேட்டான். மாரியம்மன் கோயில் மண்டபம், கல்யாண வீடு, சாவு வீடு என்று நான் சொல்லச் சொல்ல அவன் புன்னகை மெல்லக் குறைந்தது. சாவு வீட்டில் கூடாரம் போட்டுத் தங்கும் குடும்பத்தை அவன் பார்த்ததில்லை போலும். பீட்டர் சிரிப்பை அடக்க மைலோவைக் குடித்துக்கொண்டே இருந்தார்.

வாங்கப் போகிறோம் என்ற பேச்சு அடிபட்டதும் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். மழையில் ஷாக் அடிக்காதா என்றார் ஒருவர். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் நின்றுவிட்டால் யார் ஒயர் கொண்டு வருவது என்றார் இன்னொருவர். மளிகைக்கடை குமார் அண்ணே நெற்றியில் விபூதி மின்ன, "இடி இடிச்சா நேரா அதுலதான் இறங்கும், பாத்துக்க தங்கச்சி," என்றார். சிசிலியா அக்கா மட்டும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார், என்னை ஒரு பார்வை பார்த்தார், போய்விட்டார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு சனி ஞாயிறு ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள் என்று ஜேசன் வண்டியைக் கையில் கொடுத்துவிட்டான். அது எங்கள் மாதா திருவிழா வாரம். கோலா கெத்தில் பக்கத்தில் ஒரு பழைய தோட்டத்துக்குள் எங்கள் சிற்றாலயம் இருக்கிறது. தோட்டத்தில் இப்போது நம் ஆட்கள் யாரும் குடியிருப்பதில்லை, ஆனால் திருவிழாவுக்கு எல்லாத் தாமானிலிருந்தும் வந்துவிடுவார்கள். வருடாவருடம் மாதா சுரூபம் என் வண்டியில்தான் பவனி போகும். சுரூபத்துக்குப் பின்னால் ஒரு ஜெனரேட்டர் உட்கார்ந்திருக்கும், விளக்குக்கும் ஒலிபெருக்கிக்கும். அதன் இரைச்சலில் செபமாலை எத்தனையாவது மணியில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இந்தத் தடவை ஜெனரேட்டருக்கு வேலையில்லை. வண்டியின் பின்பக்கமே பிளக் இருந்தது. பீட்டர் ஒயரைச் செருகினார், சீரியல் விளக்குகள் குபீரென்று எரிந்தன, ஜனங்கள் கைதட்டினார்கள்.

பிரச்சினை அதற்கப்புறம்தான். இத்தனை வருடம் ஜெனரேட்டரை மீறிக் கத்திப் பேசிப் பழகியவர்கள் எங்கள் பெண்கள். வண்டி சத்தமில்லாமல் செம்பனைகளுக்கு நடுவே ஊர்ந்தது, இவர்கள் பழக்கதோஷத்தில் அதே குரலில் பேசிக்கொண்டு வந்தார்கள். பாட்டுக்கும் செபத்துக்கும் நடுவில் விழுந்த இடைவெளிகளில் யார் வீட்டுக் குழம்பில் உப்பில்லை, யார் மகள் யாரோடு பேசுகிறாள் என்று எல்லாம் தோட்டத்துக்கே கேட்டது. முன்னால் நடந்த உபதேசியார் இரண்டு தடவை திரும்பி முறைத்தார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சிரிப்பை விழுங்கிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் என் ஜன்னலுக்குச் சற்றுப் பின்னால் ஒரு பெண் கேட்டாள்: "ஏங்க்கா, இனிமே காடி கேட்டா சார்ஜ் இல்லன்னு சொல்லிருமோ இந்தப் புள்ள?" காடி என்றால் இங்கே வண்டி.

பதில் சொன்னது சிசிலியா அக்கா. "சொன்னா நல்லதுதான்லா. நானும் பாத்துக்கிட்டே இருக்கேன், பதினெட்டு வருசமா இந்தப் புள்ள ஒருநாள்கூட முடியாதுன்னு சொன்னதில்ல. காய்ச்சலா இருந்தாலும் எடுத்துக்கங்கன்னுது. விருந்தாளிங்கதான்லா அப்படி இருப்பாங்க. நம்ம வீட்டு ஆளுன்னா, 'போக்கா, இன்னிக்கி முடியாது'ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லும்ல? அது என்னிக்கிச் சொல்லப் போவுதோ."

உபதேசியாரின் குதிகாலில் வண்டியை ஏற்றியிருப்பேன், நல்லவேளை பிரேக் பிடித்தது. முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. இவர்கள் வாயில் விழக்கூடாது என்று நான் முதுகொடியச் சுமந்ததெல்லாம் என்னை விருந்தாளியாகவே உட்காரவைத்திருக்கிறது! பிறகு வெட்கமாக இருந்தது. பவனி ஆலயத்துக்குத் திரும்பும்போது, எதற்கென்று சரியாகச் சொல்லத் தெரியாமல், கண் கலங்கிவிட்டது. பக்தியில் அழுகிறேன் என்று நினைத்துப் பங்குச் சாமியார் என் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார்.

மறுநாள் மத்தியானம் வண்டியை எடுத்துப்போக ஜேசன் தோட்டத்துக்கே வந்தான். பூசை முடிந்து விருந்து நடந்துகொண்டிருந்தது. என் வண்டியில் சும்மா பிளக் இருக்கிறது என்று தெரிந்த பிறகு எங்கள் ஜனங்கள் விடுவார்களா? தேநீர் கொதிக்கும் பாத்திரம், சட்னி அரைக்கும் மிக்ஸி, இரண்டு காற்றாடி, எண்ண முடியாத கைபேசிகள் என்று அதன் பின்பக்கம் ஒரு குட்டிச் சந்தையாக இருந்தது. ஜேசன் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தான். பிறகு கைபேசியை எடுத்து எல்லாக் கோணத்திலும் படம் பிடித்தான். "ஆன்ட்டி, இதுதான் லைஃப்ஸ்டைல்!" என்று மலாயில் குதித்தான். இனி யாரும் கேட்கமாட்டார்கள் என்று நான் நம்பிய வண்டி, பழையதைவிட மோசமாக மாட்டிக்கொண்டது. இனி வண்டியோடு மின்சாரமும் கேட்பார்கள்.

அடுத்த வாரம் பழைய வண்டிக்காக குமார் அண்ணே வந்தார். ஜித்ராவிலிருந்து சனிக்கிழமை அரிசி மூட்டை ஏற்றி வரவேண்டுமாம். என் வாயில் 'எடுத்துக்கங்க' தயாராக வந்து நின்றது. அதை விழுங்கினேன். "முடியாது அண்ணே," என்றேன். வண்டி இருமுகிறது, மெக்கானிக்கிடம் விடவேண்டும் என்று காரணம் சொல்ல நாக்கு துடித்தது. "சனிக்கிழமை நான் தூங்கணும்." அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒடம்பு சரியில்லையாம்மா?" என்றார். நன்றாகத்தான் இருக்கிறேன் என்றதும், "ஓ, சரி சரி. அப்ப மச்சான் லோரிய கேக்கறேன்லா," என்று போய்விட்டார். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. நான்தான் கதவுக்குப் பின்னாலிருந்து, அவர் திரும்பி வருகிறாரா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் சிசிலியா அக்கா வந்தார். "குமாரு அண்ணேகிட்ட முடியாதுன்னியாமே?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுப்படிக்கே வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் முதல்முறையாகத் தன் மருமகளைப் பற்றி என்னிடம் புறணி பேசினார். நான் அன்று இருந்த சந்தோஷத்துக்கு நான்கு தோசை அதிகமாகச் சுட்டேன்.

மின்சார வண்டியைத்தான் கடைசியில் பதிவு செய்தோம். இப்போது எனக்காக அது மறுக்க வேண்டியதில்லை, இலைக்காகவே வாங்கலாம் என்று தோன்றியது. என் ஓட்டம் காலையில் முடிந்துவிடும், ஜித்ரா போய் வந்தாலும் தாங்கும், டீசல் வாடை இலையில் ஏறாது. வண்டி வர நாளாகும் என்று ஜேசன் சொன்னதால், இடையில் தம்பி மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை விருந்துக்கு ஏரலுக்குப் போனேன்.

விருந்தன்று காலை, தோப்பில் அறுத்து வைத்த இலையை மண்டபத்துக்குக் கொண்டுவர வண்டி இல்லை. பேசிவைத்த ஆள் வரவில்லை. தம்பி கைபேசியில் யார் யாரையோ கெஞ்சிக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டு வாசலில் செல்லத்துரை அண்ணாச்சியின் குட்டி யானை வண்டி சும்மா நின்றது. நான் யோசிக்கவே இல்லை, கெடாக்காரியாக நேரே போய், "அண்ணாச்சி, வண்டிச் சாவியக் குடுங்க, இலைய எடுத்துட்டு வந்துருதோம்," என்றேன். கேட்ட பிறகுதான் இது ஏரல் என்பது உறைத்தது. தம்பி பதறி ஓடிவந்து, வாடகையைச் சொல்லுங்க அண்ணாச்சி என்றான். இந்த அண்ணாச்சியை எனக்குத் தெரியாதா? அவர் வீட்டுக் கொய்யா மரத்தில் ஏறியதற்கு, "ஏளா, இறங்குளா, காலை ஒடிச்சிருவேன்," என்று தெருக்கோடி வரைக்கும் என்னைத் துரத்தியவர். வாடகை கறாராகக் கேட்பார், இல்லை முடியாது என்பார் என்று காத்திருந்தேன்.

அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "வாடகையா? நல்லா இருக்கே. இவன் கேட்டா வாங்குவேன். நீங்க ஃபாரின்லருந்து வந்திருக்கீங்க, உங்ககிட்டப் போய் முடியாதுன்னு சொல்ல முடியுமா?" என்று சிரித்துக்கொண்டே சாவியை என் உள்ளங்கையில் வைத்தார். உள்ளே திரும்பி, அம்மாவுக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார். அம்மா என்றது என்னைத்தான். கொய்யா மரம் இன்னும் அங்கேயேதான் நின்றது, நிறையக் காய்த்திருந்தது. அதில் ஏறினால் இப்போதாவது திட்டுவாரா என்று நினைத்துக்கொண்டு, அவர் போட்ட நாற்காலியில் நான் மரியாதையாக உட்கார்ந்தேன்.