துப்பரவு செய்யாத காணி

காலை ஏழு மணிக்குக் கிளிநொச்சியில் பஸ் ஏறினேன். விசுவமடுவுக்கு டிக்கெட் நூற்றைம்பது ரூபாய். பரந்தன் சந்தியில் கிழக்கே திரும்பியதும் இருபுறமும் விதைப்புக்காக உழுது போட்ட வயல்கள். புரட்டாசி முடியும் நேரம். முதல் மழை விழுந்துவிட்டது.

விசுவமடுவில் இறங்கி ஓட்டோ பிடித்தேன். தெற்கே ஐந்து கிலோமீற்றரில் ஒரு சிறு குளம். இடத்தைச் சொன்னதும் ஓட்டோக்காரர் சிரித்தார்.

"அந்தப் பத்தைக் காணிக்கோ? சனம் குளம் பாக்கத்தான் போறது. நீங்கள் பத்தை பாக்கப் போறியள்."

பத்தை என்பது பற்றை, முள்ளும் கொடியும் பின்னிய புதர். நான் பார்க்கப் போனதும் அதைத்தான்.

குளத்துக்கு மேலே, மழைநீர் வழிந்து வரும் மேட்டில், ஊர்ப் பொதுநிலம் கிடக்கிறது. அதன் நடுவே தவமலர் அக்காவின் ஒரு ஏக்கர். போர் முடிந்து ஊர் திரும்பியவர்கள் முதலில் செய்த வேலை துப்பரவு. பற்றையை வெட்டி, எரித்து, நிலத்தைக் கூட்டிப் பெருக்கினார்கள். பெரும்பாலும் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேறிய குடும்பங்கள். குப்பையில்லாத முற்றத்தையும் தினமும் கூட்டுகிறவர்கள். நானும் அந்த ரகம்தான். மாரிக்கு மாரி மேட்டு மண் கரைந்து குளத்துக்குள் போனது. குளம் தூர்ந்து, கோடை விதைப்பான சிறுபோகத்துக்குத் தண்ணீர் போதாமல் போயிற்று. மேட்டில் வரிசையாக நட்ட மரக்கன்றுகளும் வெறும் வெயிலில் கருகின.

கனகன் பழைய வன்னிக் குடும்பத்தவர். வயல்களுக்கு நீர் பங்கிடக் கமக்காரர் தெரிவு செய்த வட்டவிதானை. பொதுநிலத்துக்குள் என்னைக் கூட்டிப்போனார்.

"எங்கட ஆக்கள் குளத்துக்கு மேல கத்தி கொண்டு போகமாட்டினம். பத்தை மண்ணைப் பிடிச்சுக்கொண்டு தண்ணியை விடும். முள்ளுக்குள்ள விழுந்த பாலைக் கொட்டை, மாடு கடிக்காமல் தன்பாட்டில வரும். யாழ்ப்பாணத்தார் காட்டுக்கும் விளக்குமாறு கொண்டு வந்திட்டினம்."

கடைசி வசனத்தை என் முகத்தைப் பார்த்தே சொன்னார். வாங்கிக்கொண்டேன்.

குளம் தூர்ந்த பிறகு ஊர் வெட்டுவதை நிறுத்தியதில், அங்கே சில மாரிகளாகக் கத்தி படவில்லை. காரை முள்ளுக்குள் முழங்கால் உயரத்தில் பாலைமரக் கன்றுகள் நின்றன. தவமலர் அக்காவின் ஏக்கர் மட்டும் கழுவிய தட்டுப் போலக் கிடந்தது. மழைநீர் அதன் வழியாகவே வாய்க்கால் அறுத்துக்கொண்டு குளத்துக்கு மண் கொண்டு போயிருந்தது.

அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். பிடிவாதக்காரி என்று எண்ணிக்கொண்டுதான் கதை கொடுத்தேன்.

"தம்பி, நாங்கள் திரும்பி வரேக்க பக்கத்துக் காணி பத்தையாக் கிடந்தது. வன இலாகாக்காரர் காடு எண்டு சொல்லி எல்லைக் கல்லு நட்டிட்டினம். அந்தச் சனம் இண்டைக்கும் கந்தோர் கந்தோரா அலையுது. நான் துப்பரவா வச்சிருந்தபடியால்தான் என்ர காணி என்ர கையில கிடக்கு."

அவருடைய பயம் நியாயமானது.

பத்தரைக்குக் கமக்காரர் கொட்டிலில் கூட்டம். அக்கா பற்றை வளர விடுவாரா என்பது ஒன்றே பேச்சு. சத்தம் கூடி, தேத்தண்ணி வந்து, திரும்பவும் சத்தம் கூடியது. அப்போது மாட்டுப்பட்டி வைத்திருக்கும் சலீம் நானா எழுந்தார்.

"வேலி போட்ட வளவைக் காடு எண்டு ஆர் சொல்லுவினம்? அடையுங்கோ. என்ர மாடும் உள்ளுக்குப் போகாது."

எல்லோரும் சிரித்தார்கள். யாழ்ப்பாணத்தாரின் வேலிப் பைத்தியம் கடைசியில் பற்றையைக் காக்கப் போகிறதே என்று கனகனும் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

"நான் தனிய அடைச்சா என்னைத்தான் வெருட்டுவினம். வீட்டுக்கு ஒரு கதியால், அவையவை தங்கட வேலியில வெட்டிக் கொண்டுவந்து நடவேணும். பொதுநிலத்தையும் சேத்து ஒரே வேலி."

"அப்ப உள்ளுக்குள்ள எல்லை இராது அக்கா," என்றார் கனகன். "உங்கட ஏக்கர் ஊர்க் காணியாப் போயிடும்."

"தெரியும்."

தண்ணீர் குறைந்த சிறுபோகத்தில், யார் வயல் என்று பாராமல் குளத்தடி வயலைப் பங்கு பிரித்து விதைப்பது இங்குள்ள வழக்கம். இனி அந்த வயலில் அக்காவுக்கு ஒரு பங்கு கூடுதல் என்று முடிவாயிற்று. ஏக்கருக்கு அது ஈடாகாது. அதை யாரும் ஈடு என்று சொல்லவுமில்லை.

பின்னேரம் சைக்கிள்களில், நட்டால் வேர் பிடித்து வேலியாகும் கிளுவைக் கதியால்கள் வந்தன. ஒன்று போதும் என்றாலும் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்தார்கள். ஈர மண்ணில் கதியால்கள் லேசாக இறங்கின. அக்கா குனிந்து ஒரு முட்செடியைப் பிடுங்கப்போய், கையை எடுத்துக்கொண்டார்.

நாலு மணிக்கு அதே ஓட்டோ வந்தது. கூட்டிப் பெருக்கிய என் வீட்டு முற்றம் ஞாபகத்துக்கு வந்தது; அங்கே நாலு பக்கமும் மதில், கல் நட யாரும் வரப்போவதில்லை. துப்பரவு எனக்குப் பழக்கம், அக்காவுக்கு அது காணி உறுதிப்பத்திரம். அதைத்தான் இன்று கொடுத்திருந்தார்.

"அடுத்த மாரிக்கும் வாங்கோ தம்பி," என்றார் அக்கா. "என்ர காணி பத்தையா நிக்கும், வந்து பாருங்கோ."

கதியாலும் கையுமாக ஊரே பக்கத்தில் நின்றது. அந்த 'என்ர'வை ஒருவரும் திருத்தவில்லை.