தண்ணீர் அட்டையின் உபயதாரர்

அந்த அட்டைகள் கைக்கு வந்த நாளிலிருந்தே எனக்குக் குழப்பம்தான். விழுப்புரத்தில் எங்கள் தொண்டு நிறுவனத்தின் மாடி அறையில் பயிற்சி நடந்தது. பயிற்சி தர வந்திருந்தவர் அந்த அட்டை முறைக்கு வடிவமொழி என்று பெயர் சொன்னார். மனிதர்கள் சேர்ந்து வாழ்கிற எந்த இடத்திலும் அதே தொல்லைகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. எங்கோ யாரோ அதற்கு ஒரு வழி கண்டிருப்பார்கள். தொல்லையை மேலேயும் வழியைக் கீழேயும் ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்தால், ஊர்க்காரர்கள் வேண்டியதை எடுத்து, ஒன்றோடொன்று கோத்து, தங்கள் ஊருக்கான மாற்றத்தைத் தாங்களே அமைத்துக்கொள்வார்கள் என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள், நானும் ஆட்டினேன். ஊர்க்காரர்கள் என்றால் யார் யார் என்று கேட்க வாயெடுத்தேன், அதற்குள் டீ வந்துவிட்டது.

எனக்குக் கொடுத்த ஊர், திண்டிவனத்திலிருந்து பிரம்மதேசம் பக்கம் போகிற பஸ்ஸில் பாதியில் இறங்கி நடக்க வேண்டிய ஊர். அங்கே தொல்லை என்னவோ கண்ணுக்குத் தெரிந்ததுதான். ஊர்த் தெருக்களின் மழைத்தண்ணீரை வாங்கிக்கொண்டு ஒரு வாய்க்கால், காலனியின் முதல் வீட்டை ஒட்டிப் போய், ஏரியில் விழ வேண்டும். நெடுகவும் மண்ணும் பிளாஸ்டிக்கும் அடைத்துக் கிடந்தது. அந்த முதல் வீட்டைத் தாண்டியதும், வாய்க்கால் மேலேயே ஒரு சுவர் நின்றது. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, காயவைக்கும் களத்துக்காக ஊர்ப் பெரியவர் ஒருவர் கட்டியது. அடியில் பேருக்கு ஒரு பைப் விட்டிருந்தார்.

முதல் வீட்டில் ஓர் அக்கா, தையல் மிஷினும் கல்லூரிக்குப் போகிற மகளுமாக இருந்தார். போன மழையில் வீட்டின் பின்சுவர் ஊறி ஒருபக்கம் உட்கார்ந்துவிட்டது. இன்னொரு மழை அப்படி வந்தால் வீடு நிற்காது.

பள்ளிக்கூட வராந்தாவில் ஊரும் காலனியும் வந்து உட்கார்ந்தன. அட்டைகளைப் பரப்பி வைத்தேன். விவாதம் நடக்கும் என்று காத்திருந்தேன். சுவர் கட்டிய அதே பெரியவர்தான் முதலில் குனிந்தார். ஊர்க் கோயில் திருவிழாவை நடத்துகிறவர் அவர். 'நிழலுக்கு மரம் நடு' என்ற அட்டையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, இது எங்கள் உபயம் என்றார். அவ்வளவுதான். அடுத்தடுத்து ஒவ்வொரு குடும்பமும் ஓர் அட்டையை எடுத்து ஒற்றிக்கொண்டது.

அவர்கள் ஊர்த் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குடும்பத்தின் உபயம். அன்றைய செலவும் பொறுப்பும் மாலை மரியாதையும் அவர்களுக்கே. உபயதாரர் தாம்பூலத் தட்டோடு வந்து அழைக்காமல் வேறு யாரும் அதில் கைவைக்க முடியாது. நான் பதறிப்போய், அட்டைகள் எல்லாருக்கும் பொது, சேர்ந்து பேசித்தான் செய்ய வேண்டும் என்று விளக்கினேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். எல்லாருக்கும் பொது என்றால் யாரும் செய்யமாட்டார்களே என்று ஒருவர் எனக்கே விளக்கினார்.

கடைசியில் 'தண்ணீருக்கு வழி விடு' மட்டும் தரையில் கிடந்தது. எடுத்தால் சுவரைப் பற்றிப் பேச வேண்டும்; எல்லாரும் அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தார்கள். தூண் ஓரமாக உட்கார்ந்திருந்த அக்கா எழுந்து வந்து எடுத்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். காலனியில் யாருக்கும் அந்தக் கோயிலில் உபயம் கிடையாது. கேட்டால் பழக்கம் என்பார்கள். ஊர்க்காரர்கள் சரி, சரி என்றார்கள். அது சம்மதமா, தப்பித்தோம் என்ற நிம்மதியா, எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

மரங்கள் வந்தன. குப்பைத் தொட்டிகள் வந்தன. வாய்க்காலில் மட்டும் அக்காவும் மகளும் தனியாக மண் வாரிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. தெருத்தெருவாகப் போய்க் கேட்டேன். எல்லா வாசலிலும் ஒரே பதில்.

"அது அவங்க உபயம் மேடம். கூப்புடாம நாங்க போயி கை வச்சா அவங்கள அவமானப்படுத்துன மாதிரி ஆயிடும்."

இது மரியாதையா, ஒதுக்குவதற்குக் கிடைத்த புதுச் சாக்கா? சிலர் உண்மையாகவே சங்கடப்பட்டார்கள், சிலர் உள்ளுக்குள் சிரித்தார்கள் என்று தோன்றியது. யார் எந்தப் பக்கம் என்று பிரிக்க முயன்று தோற்றேன். நேராக அக்காவிடம் போய், அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், பொது வேலை என்று அறிவித்துவிடலாம் என்றேன்.

"மொதமொதலா எங்க ஊட்டுக்குன்னு ஒண்ணு வந்துக்குது," என்றார். "அதப் போயி திருப்பிக் குடுக்கச் சொல்றீங்களே மேடம்."

அவர் செய்தது வேறு. திண்டிவனத்துக்குப் போய் வெற்றிலை, பாக்கு, பூ, புதுத் தாம்பாளம் எல்லாம் வாங்கினார். உபயதாரர் அழைப்பதுபோலவே, ஊர்த் தெருக்களில் வீடு வீடாக ஏறி அழைத்தார். காலனியிலிருந்து ஒரு பெண் தாம்பூலத் தட்டோடு அந்தப் படிகளில் நிற்பது அவர்களுக்குப் புதுசு. ஆனால் தட்டை நீட்டிவிட்டால் மறுக்க முடியாது, எடுத்துக்கொண்டார்கள். நான் அவர் பின்னாலேயே நடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு ஊரே வந்தது. பெரியவரும் வந்தார், இஸ்திரி போட்ட வேட்டியில், அழைப்புக்கு வந்த விருந்தாளியாக. யாரும் அவர் கையில் மண்வெட்டி கொடுக்கவில்லை. வாய்க்கால் மேலிருந்து சுவர் வரை பளிச்சென்று திறந்தது. சுவர் வந்ததும் எல்லாரும் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். இந்தச் சுவரை என்ன செய்வது என்று பெரியவரிடம் கேட்க எனக்கு வாய்வரை வந்துவிட்டது. அக்கா என் கையை அழுத்தினார். விருந்தாளியாக அழைத்தவரை நிற்கவைத்துக் கேட்பது உபயத்துக்கு அழகில்லையாம்.

எல்லாருக்கும் எலுமிச்சை சாதமும் மல்லாட்டைத் துவையலும் செய்து வைத்திருந்தார். ஊரிலிருந்து வந்தவர்களில் அத்தனை பேருக்குச் சர்க்கரை இருப்பதும், அத்தனை பேர் விரதம் இருப்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரியவந்தது. பெரியவர், தன் வீட்டில் வேலை இருக்கிறது என்று கிளம்பினார். காலனிக்காரர்களும் நானும் சாப்பிட்டோம்.

அப்புறம் மழை வந்தது. வாய்க்கால் அடைத்துக் கிடந்தவரை தண்ணீர் எல்லாத் தெருவிலும் கொஞ்சம் கொஞ்சமாக நிற்கும். இப்போது ஒரு சொட்டு விடாமல் ஓடி வந்து, சுவரில் முட்டி, அக்காவின் வீட்டுக்குள் ஏறிவிட்டது. இதை நாங்கள் யாருமே யோசிக்கவில்லை. நான் பஸ் பிடித்துப் போனபோது ஊர்த் தெருக்கள் அலம்பிவிட்டதுபோல இருந்தன. இந்த வருஷம் தெருவில் தண்ணீரே நிற்கவில்லை, உங்கள் அட்டை சூப்பர் மேடம் என்று ஒருவர் கைகொடுத்தார். எனக்கு அழுகையாக வந்தது. சேர்ந்து செய்தால் நல்லது நடக்கும் என்றுதானே சொன்னார்கள்? சேர்ந்துதான் செய்தோம்.

வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். தையல் மிஷின் மேஜைமேல் ஏறியிருந்தது. பின்சுவர் இன்னும் கொஞ்சம் சாய்ந்திருந்தது. அக்கா கட்டில்மேல் அடுப்பை வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தார். மகளைப் பெரியவர் வீட்டுக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னார். உபயத்துக்கு வந்தவர் சாப்பிடாமல் போனால் உபயம் முடிந்ததாகாது. அது அவர் நடத்துகிற திருவிழாவின் சட்டம்தான், வந்து முடித்துக்கொடுக்கட்டும் என்றார்.

வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். சட்டத்துக்காக வந்தாரா, வெட்கப்பட்டு வந்தாரா, தெரியாது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உள்ளே வந்து கட்டிலில் ஏறி உட்கார்ந்தார். அக்கா தட்டு வைத்தார். அவர் முதல் கவளத்தை எடுக்க நேரமாயிற்று. எடுத்தார். ஜன்னலுக்கு நேரே அவருடைய சுவர் தெரிந்தது.

பாதி சாப்பாட்டில், "தண்ணி எப்ப வடியும்?" என்று கேட்டார்.

"அத நீங்கதாங்க சொல்லணும்," என்றார் அக்கா.

அவர் மீதியையும் சாப்பிட்டார். இடது கையால் போனை எடுத்து, கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வரும்படி மகனிடம் சொன்னார். எதற்கு என்று அவன் கேட்டிருக்க வேண்டும். ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "செவுத்துக்குத்தான்," என்று சொல்லிப் போனை வைத்தார். கட்டிலில் இருந்தபடியே குனிந்து, வீட்டுக்குள் நின்ற தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டார்.