அடிக்காத மணி

துறைமுகத்து மீன் வெட்டும் கொட்டகையில் அவள் கைவேகத்துக்கு ஈடு கிடையாது. ஊர்க்கதை பேசிக்கொண்டேதான் வெட்டுவாள், ஆனால் சதையில் ஒரு முள் தங்காது. அவள் வீட்டுக்காரருக்கோ வாய்தான் முதல். ஊர் பார்க்க வருகிறவர்களைக் கோட்டை, பழைய சுங்கச்சாவடி, கலங்கரை விளக்கம் என்று கூட்டிப்போய்க் காட்டுவது அவர் பிழைப்பு. இடிந்த சுவரைக் காட்டி அரைமணி பேசச் சொன்னால் ஒருமணி பேசுவார். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஆனால் கலங்கரை விளக்கத்துப் பக்கம் மட்டும் அவள் தலைவைத்துப் படுக்கமாட்டாள். அங்கேதான் அவள் அப்பா காவலாளியாக இருந்தார். பனி மூடினால் மணியடித்துப் படகுகளுக்கு எச்சரிக்கை கொடுப்பது அவர் பொறுப்பு. அவளுக்கு ஏழு வயதிருக்கும்போது, ஒரு விடிகாலைப் பனியில் படகொன்று பாறையில் மோதி ஐந்து பேர் போய்விட்டார்கள். மணி அடித்ததாகவும், இன்ஜின் சத்தத்தில் கேட்டிருக்காது என்றும் அப்பா சொன்னார். ஊர் நம்பியது. மணி அடிக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். காய்ச்சலில் கிடந்த மகளுக்காக மூன்று நாள் கண்மூடாமல் இருந்த மனுஷன், அன்று அவள் கட்டில் காலில் சாய்ந்தபடியே தூங்கிப்போனார்.

கல்யாணமான புதிதில் இதைப் புருஷனிடம் சொல்லி அழுதாள். வேறு ஒரு ஈ காக்கைக்கும் சொன்னதில்லை. முக்கியமாக, இருபது வருஷமாக அவளுக்கு அடுத்து உட்கார்ந்து மீன் வெட்டும் பக்கத்துப் பலகைக்காரிக்குச் சொல்லவே இல்லை. அந்த ஐந்து பேரில் ஒருவன் பலகைக்காரியின் அண்ணன்.

ஒரு திங்கட்கிழமை, வேடிக்கை பார்க்க வந்த வெளியூர் அம்மா ஒருத்தி கொட்டகைக்குள் எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

"குடிச்சுட்டு தூங்கி அஞ்சு பேரை சாகடிச்சாராமே விளக்குக்காரர், அவர் பொண்ணு இங்கதான் வேலை பாக்குதாமே. யாரும்மா அது?"

பக்கத்துப் பலகையில் கத்தி நின்றது. அந்தப் பக்கம் திரும்பாமல், கையைக்கூடக் கழுவாமல் இவள் எழுந்து நடந்தாள். வேறு எவனாவது கட்டிவிட்ட கதையாக இருக்கவேண்டும் என்று வழிநெடுக மனசு அடித்துக்கொண்டது. கலங்கரை விளக்கத்து மணி மேடைக்குக் கீழே பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். கடைசி ஆளுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"பாட்டில் ஒரு பக்கம், மனுஷன் ஒரு பக்கம்" என்று அவள் வீட்டுக்காரர் ஏற்ற இறக்கத்தோடு சொல்லிக்கொண்டிருந்தார். "மணி இங்க சும்மா தொங்குது."

கூட்டம் உச்சுக்கொட்டியது. கூட்டம் கலைந்ததும் அவர் முன்னால் போய் நின்றாள்.

"எங்கப்பா என்னைக்குங்க குடிச்சாரு?"

அவர் சிரித்து மழுப்பப் பார்த்தார். "அட, வெறும் சுவரைப் பாக்க யாரு வர்றா? கதை கேக்கத்தான் வர்றாங்க. மாமா போயே பன்னெண்டு வருஷமாச்சு."

"எனக்குக் காய்ச்சல்னு சொல்லலாமில்ல?"

"சொல்லிப் பாத்தேன். பாவம்னு விட்டுடறாங்க. கோவம் வரமாட்டேங்குது."

சொல்லிப் பார்த்தாராம். அப்படியென்றால் இன்று நேற்றில்லை, எத்தனையோ நாளாக அவள் அழுகையை வந்து போகிறவர்கள் முன்னால் வைத்து, எது எடுபடுகிறது என்று பார்த்திருக்கிறார். இந்த ஆளுக்கா இத்தனை வருஷம் சோறு பரிமாறினோம் என்று அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. விறுவிறுவென்று வந்த வழியே திரும்பினாள்.

கொட்டகையில் பக்கத்துப் பலகைக்காரி காத்திருந்தாள். வெட்டாத மீன் அப்படியே கிடந்தது.

"அக்கா, உங்கப்பா குடிச்சிருந்தாரா?"

"சத்தியமா இல்ல. அவர் தொட்டதே இல்ல."

"அப்ப மணி அடிச்சாரா?"

அடித்தார் என்று சொல்லிவிட்டால் போதும். புருஷன் புளுகன் என்பது ஊருக்கே தெரியும், யாரும் இவளைச் சந்தேகப்படமாட்டார்கள். அப்பா மானமும் மிஞ்சும். அந்தப் பொய்யைச் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

"அடிக்கல."

பக்கத்துப் பலகைக்காரி கத்தியைத் துடைத்து, பலகையைத் தூக்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"உன் வீட்டுக்காரர் வழியில போறவங்ககிட்டல்லாம் சொல்லிட்டாரு. இருபது வருஷம் பக்கத்துலயே இருந்தேன், எங்கிட்ட சொல்ல உனக்கு மனசு வரலையேக்கா."