மூன்றாவது துண்டு

ஹட்டனில் ஒரு டிஜிட்டல் பிரின்ட் கடையில் பத்தொன்பது வருடமாக டிசைனராக இருக்கிறேன். திருவிழா பேனர், சடங்கு வீட்டு பிளெக்ஸ், மரண அறிவித்தல் எல்லாம் என் கையால்தான் போகும். "மாஸ்டர் இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டுதான் உள்ளே வருவார்கள். நிரோஷா வேலைக்கு வந்த ஆறு மாதத்தில் அது, "அந்தத் தங்கச்சி இருக்காங்களா?" என்று மாறிவிட்டது. எனக்கு வயிறு எரிந்தது. மறைக்க என்ன இருக்கிறது?

நிரோஷா பொகவந்தலாவைக்காரர், கொழும்பில் மூன்று வருடம் வேலை பார்த்தவர். கொட்டகலையில் ரெஸ்டுரண்ட் திறந்த ஹாஜியார் ஒருவர் சுவருக்குப் படம் கேட்டு வந்தார். நான் அருவியும் கொழுந்து பறிக்கும் பெண்ணுமாக ஒன்று செய்து காட்டினேன்.

"இத ஜன்னலத் தொறந்தாலே பாக்குறோமே மாஸ்டர்," என்றார்.

நிரோஷா காட்டியது கொழும்புக் கடலோரம். கியூபிஸ பாணியாம். மாடிக் கட்டடம், கோபுரம், கிரேன் எல்லாம் முக்கோணமும் சதுரமுமாக உடைந்து கிடந்தன. ஹாஜியார் அந்த இடத்திலேயே சரி சொன்னார்.

"கண்ணாடிய ஒடச்சுப் போட்டா நானும் இதச் செய்வேன்," என்று முதலாளியிடம் சொன்னேன். சொன்னேனே தவிர, நிரோஷா மதியச் சாப்பாட்டுக்குப் போன நேரம் அந்த ஃபைலைத் திறந்து அரைமணி நேரம் பார்த்தேன். அத்தனை உடைசலுக்கும் நடுவே தண்ணீரின் ஓரம் மட்டும் ஒரே பச்சைக் கோடாக, இடது மேலிருந்து வலது கீழ்வரை அறுபடாமல் சரிந்து ஓடியது. அதுதான் படத்தையே தாங்கி நின்றது. எனக்கு அது தோன்றியிருக்காது. அதுதான் பொறுக்கவில்லை.

நான்கடி அகலத்தில் ஐந்து ஸ்டிக்கர் துண்டுகளாக பிரின்ட் எடுத்தோம். நிரோஷாவுக்குக் கடையில் அவசர வேலை, ஒட்டுவதற்கு நான் மட்டும் போனேன். மூன்றாவது துண்டுக்குப் பதில் நான்காவதை ஒட்டிவிட்டேன். அது கைத்தவறுதான். கோடு ஒரு சாண் கீழே இறங்கியிருந்ததை உடனே கண்டேன். பசை பிடிக்குமுன் உரித்து மாற்ற ஐந்து நிமிடம் போதும்.

உரிக்கவில்லை. மூன்றாவதை அதற்குப் பக்கத்தில் வைத்து நன்றாக அழுத்தித் தேய்த்தேன். தப்பென்று யாராவது கத்தினால் படம் வரைந்தவர் பாடு என்று நினைத்துக்கொண்டேன்.

யாரும் கத்தவில்லை. "மாஷா அல்லாஹ், கொழும்பே வந்துட்டுது!" என்றார் ஹாஜியார்.

மறுநாள் படத்தைப் பார்க்க நிரோஷாவும் நானும் போனோம். நிரோஷா நேரே போய், கோடு அறுந்திருந்த இணைப்பில் விரலை வைத்தார்.

"மாஸ்டர் வேல எப்படி?" என்று ஹாஜியார் கேட்டார்.

"நல்லா ஒட்டியிருக்காங்க," என்றார் நிரோஷா.

பஸ்ஸுக்கு நிற்கும்போது நானே வாயைத் திறந்தேன். "எல்லாமே ஒடஞ்சுதானே இருக்கு. யாருக்குத் தெரியப்போகுது?"

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்கே, அண்ணே."

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒவ்வொரு துண்டு ஒட்டியதும் தள்ளி நின்று பாருங்கள். தப்பிருந்தால் அப்போதே உரித்துவிடுங்கள், பசை பிடித்தால் சுவரோடுதான் வரும். கொட்டகலைக்குப் போனால் இன்றும் ஹாஜியார் கடையில்தான் பிளேன்டீ குடிக்கிறேன். சுவருக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருகிறேன்.