எல்லா ஆய்வேடுகளுக்கும் நான் எழுதிய ஒரே பக்கம்

கோடு போட்ட ஒரு தாள். இருபுறமும் நீல மையால் நெருக்கி எழுதப்பட்டது. ஒரு மூலையில் தறி எண்ணெயின் கறை. திருப்பதியில் பல்கலைக்கழகத்துக்கு எதிரே நான் நடத்திவந்த தட்டச்சுக் கடையில், ஆராய்ச்சி மாணவி ஒருத்தி அதை என் மேசைமேல் வைத்து, "இது கடைசி சாப்டர்ல வரணும்ணா" என்று மட்டும் சொன்னாள். அத்தாளை நான் கிழித்தெறிந்தேன். அன்று அது எனக்குக் குற்றமாகத் தோன்றவில்லை; கடமையாகவே தோன்றியது.

புத்தூர்ப் பக்கத்து உழவர் குடும்பத்தில் பிறந்து, எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். கல்வி எனக்கு விரல்களின் வழியேதான் வந்தது. வேர்க்கடலை இலையில் பரவும் துரு நோய், பாழடைந்த கோயிலொன்றின் கல்வெட்டுகள், பங்காருபாளையத்து மாம்பழக் கூழைக் கெடாமல் காக்கும் வழி, தேர்வுக்கு அஞ்சும் பிள்ளைகளின் மனநிலை என நான்கு ஆய்வேடுகளை ஒரே வாரத்தில் அடித்துக் கொடுத்ததுண்டு. பயிர் நோயை ஆராய்ந்தவரும் கல்வெட்டை ஆராய்ந்தவரும் என் கடையில் அருகருகே காத்திருப்பார்கள். எந்தத் துறை என்று தெலுங்கில் விசாரித்துக்கொள்வதற்கு மேல் அவர்கள் பேசியதில்லை. அனைத்தையும் வாசித்தவன், அகராதியை மடியில் வைத்துக்கொண்டு நான் ஒருவனே.

அவ்வாறு வாசித்ததில் ஒன்றைக் கண்டேன். எவ்வளவு விலகிய துறைகளாயினும், ஆய்வுகள் யாவும் இறுதியில் 'ஆய்வின் எல்லைகள்' என்னும் சிறு பகுதிக்கு வந்து சேர்ந்தன. காலம் போதவில்லை, கண்டது சிறிது, காணாதது பெரிது, பின்வருவோர் தொடர்க. களைத்துப்போன மாணவர்கள் அப்பகுதியை எழுதாமலே வந்து, என்னையே எழுதிவிடச் சொல்வார்கள். ஆகவே ஆங்கிலத்தில் ஒரு பக்கம் அழகாக அமைத்து வைத்திருந்தேன். வேர்க்கடலைக்கு அது பொருந்தியது, கல்வெட்டுக்கும் பொருந்தியது. பேராசிரியர் ஒருவர் அதைத் தம் மாணவரிடம் பாராட்டினார் என்று கேள்விப்பட்ட நாளில், நானும் கற்றோருள் ஒருவன் என்று எண்ணிக்கொண்டேன்.

அம்மாணவி நகரி என்ற ஊரில் விசைத்தறி ஓட்டுபவரின் மகள். தறியின் இரைச்சலால் தொழிலாளரின் செவி கெடுவதைப் பற்றி நான்கு ஆண்டுகள் கொட்டகை கொட்டகையாக அலைந்து ஆராய்ந்தவள். "எங்க நைனாவ நான் கூப்ட்டா கேக்காதுண்ணா. தறியில ஒரு நூலு அறுந்தா மட்டும் கேக்கும்" என்று தன் தந்தையைப் பற்றி ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். விரிவுரையாளர் பணிக்கான நேர்காணல் நெருங்கிக்கொண்டிருந்தது. பட்டம் கையில் இருந்தால்தான் அழைப்பார்கள். அவளோ வயது வரம்பின் விளிம்பில் நின்றாள்.

அந்தத் தாளில் அவள் எழுதியிருந்தது எளிய ஆங்கிலம். தறிக்கான நூலைக் குச்சியில் தார் சுற்றும் பெண்கள் சோதனைக்கு உட்கார மறுத்தார்கள்; செவி போனது தெரிந்தால் வேலை போய்விடும் என்று அஞ்சிப் பலர் பொய் சொன்னார்கள்; என் தந்தையையே என்னால் சோதிக்க இயலவில்லை. இவ்வாறு சென்றது. இது வீட்டுக் கதை, ஆய்வு நடையன்று என நான் தீர்ப்பளித்தேன். என் பக்கத்தை அங்கே வைத்தேன். சமர்ப்பிக்கக் கடைசி நாள் என்பதால், அவள் படித்துப் பார்க்காமலே எடுத்துச் சென்றாள்.

ஆய்வேடுகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் கணினிச் சோதனை அப்போதுதான் வந்திருந்தது. ஒத்துப்போன பகுதி சிறியதே. ஆனால் அது எவற்றோடு ஒத்துப்போனது என்னும் பட்டியல் விசித்திரமானது: வேர்க்கடலை, கல்வெட்டு, மாம்பழக் கூழ், மனநிலை. இத்தனை துறைகளில் கைவைத்தவள் இன்னும் எங்கெல்லாம் எடுத்தாளோ என்று மதிப்பீட்டுக் குழுவினர் ஐயுற்று, ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பினார்கள்.

அவள் கடைக்கு வந்து உட்காராமல் நின்றாள்.

"என் பேப்பரு எங்கண்ணா?"

"அது சரியா அமையலம்மா. நான் நல்லதா போட்டேன்."

"எல்லாருக்கும் இதேதானா?"

நான் தலையசைத்தேன்.

"வேர்க்கடலைக்கும் எங்க நைனா காதுக்கும் ஒண்ணேவாண்ணா?"

பல்கலைக்கழக அலுவலகத்துக்கு வந்து, எழுதியவன் நானே என்று ஒப்புக்கொள்வதாகச் சொன்னேன்.

"நீங்க எழுதினதுன்னு சொன்னா, மிச்சத்த யாரு எழுதினதுன்னு கேப்பாங்க. நாலு வருசம் சுத்தினது பூடும். யார்கிட்டயும் சொல்லாதீங்க."

பிழை தன்னுடையதே என்று எழுதிக் கொடுத்தாள். திருத்திச் சமர்ப்பிக்கக் கொடுத்த தவணைக்குள் நேர்காணல் முடிந்துபோயிற்று. அவளுடைய ஆய்வு நெறியாளரும் ஓய்வு பெற்றார். அவளுடைய தந்தை படுக்கையில் விழவே, ஆய்வேட்டை அப்படியே விட்டுவிட்டு நகரிக்குத் திரும்பினாள். நான் சொல்லாமல் இருந்தேன். அவளுக்கு நான் செய்யக்கூடியதாக எஞ்சியது அது ஒன்றே.

இன்று என் கடை இல்லை. மாணவர்கள் மடிக்கணினியில் தாமே அடித்துக்கொள்கிறார்கள். என் பக்கத்தைத் தாங்கிய ஆய்வேடுகள் நூலக அலமாரிகளில் துறைவாரியாக நிற்கின்றன. அவற்றால் பட்டம் பெற்றோர் பலர் பேராசிரியர்களாக இருக்கிறார்கள். நகரிக் கொட்டகைகளில் அவள் கேட்டு எழுதியது எந்த அலமாரியிலும் இல்லை.

இவ்வாண்டு நகரிக்குச் சென்று அவளைப் பார்த்தேன். தார் சுற்றிக்கொண்டிருந்தவள் எழுந்து வந்து தேநீர் வாங்கிக் கொடுத்தாள். என் கண் அறுவைச் சிகிச்சையைப் பற்றி விசாரித்தாள். ஆய்வேட்டை மறுபடி கொடுக்கலாமே என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"வயசு தாண்டிச்சிண்ணா" என்றாள். கோபம் இல்லை. "இனிமே நீங்க சொல்லிக்கலாம், யாருன்னா கேட்டா."

யாரும் கேட்கவில்லை. நானாகவே எழுதுகிறேன். இதைச் சொல்வதால் அவளுக்கு இனிக் கெடுதி ஏதும் இல்லை. நன்மையும் இல்லை.